மானிய விண்ணப்பம், மூன்றாம் பக்கம்

கழகத்தின் வரலாறு, என்கிறது படிவம்.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

லிட்டில் ஹாவ்டன்.
எண்ணூறு செம்மறிகள், நூற்றுப் பத்து மனிதர்கள்.
1891-இல் பாதிரியார் அணியும் சுண்ணாம்புச் சூளைக்காரர்களும்
ஒரு தகராறைத் தீர்க்க ஆடியது முதல் ஆட்டம்.
தகராறு எதைப் பற்றி என்று குறிப்பேட்டில் இல்லை.
தீர்ந்ததா என்றும் இல்லை.
சூளைக்காரர்கள் நாலு விக்கெட்டில் ஜெயித்தார்கள்.
அடுத்த ஞாயிறு பாதிரியார்
நரகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார்.

மைதானம் சரிவு.
வடக்கு முனையிலிருந்து வீசினால்
பாதி ஓட்டத்தை மலையே ஓடிக் கொடுக்கும்.
தெற்கிலிருந்து மேட்டைப் பார்த்து வீச
ஃபாதர்கில் வீட்டாரைத் தவிர
யாரும் ஒத்துக்கொண்டதில்லை.
அந்த வீட்டில் மூச்சு நீளம், பேச்சு குட்டை.

1916, 1917, 1918.
ஸ்கோர் புத்தகத்தில் மூன்று வெள்ளைத் தாள்கள்.
யாரோ ஒன்றில்
வைக்கோல் கணக்கு எழுத ஆரம்பித்து
ஒரு வரியோடு பேனாவை எடுத்துவிட்டார்கள்.

1954, ஜூன் ஐந்து: பனி விழுந்து ஆட்டம் நின்றது.
இரண்டு அணியும் கேக்கை முடித்தன.

அடுத்த கட்டம்: வசதிகள்.

பெவிலியன்: ரயில்வே கழித்துப்போட்ட சரக்குப் பெட்டி, ஒன்று.
ஒழுகும் இடம் மூன்று, வாளி இரண்டு.

ஸ்கோர் பலகை: ஆணியில் மாட்டும் தகர எண்கள்.
ஏழு ஒன்றுதான் மிச்சம்.
யாராவது எழுபத்தேழில் நின்றால்
எதிரணியும் சேர்ந்து கத்தும்,
ஒரு ரன் ஓடித் தொலையேன் என்று.

ரோலர்: அரை டன் இரும்பு.
முன்பு குதிரை இழுத்தது, அப்புறம் டிராக்டர்,
இப்போது தோற்ற அணி.
நாங்கள் இழுத்து இழுத்து
ஆடுகளம் நன்றாகவே படிந்திருக்கிறது.

கழிப்பறை: ஆண்களுக்குச் சுவர்.
பெண்களுக்கு மெட்கால்ஃப் வீடு,
சாவி பூந்தொட்டியின் அடியில்.
இருபத்தாறு வருஷமாக ஸ்கோர் எழுதுகிறேன்.
ஓவர் முடிந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
சந்தைக் கடந்து ஓடியிருக்கிறேன்.
அந்த நேரத்தில் விழுந்த விக்கெட்டுகள் பதினொன்று,
எல்லாம் கேள்வி ஞானத்தில் எழுதியவை.
இந்த வருஷம் அணியில் நாலு பெண்கள்.
தொட்டிக்கடியில் ஒரே சாவி.
மானியம் கேட்பது இதற்குத்தான்.

உறுப்பினர் எண்ணிக்கை.
பதினான்கு என்று எழுதிவிட்டு வங்கித் தாளைப் பார்த்தேன்.
பதினைந்து சந்தா.
எட்மண்ட் ஃபாதர்கில், தெற்கு முனை,
போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம்.
மாதம் மூன்று பவுண்டு,
முதல் தேதி தவறாமல், இன்னும் வருகிறது.
மனைவியோடு சேர்ந்த கணக்கு.

நிறுத்தச் சொல்லட்டுமா என்று ஹெட்டியிடம் கேட்டேன்.
முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டே,
"அவர் ராஜினாமா கடிதம் ஒன்றும் தரலையே" என்றாள்.

பதினைந்து.

அவர்களில் களத்தில் இறங்குவோர்?
போன சனிக்கிழமை தெற்கு முனைக்கு ஆளில்லை.
எல்லோரும் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
தபால்காரர் மகள் ப்ரையனி பந்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.
முதல் மூன்றும் வைட்.
நாலாவது, மட்டையையும் கீப்பரையும் தாண்டி
ஒரு செம்மறியின் முதுகில்.
நடுவர் விதிப்புத்தகத்தைத் தேடுகையில்
வேலிக்கு வெளியே ஹெட்டி
கை தட்டவில்லை, தலையாட்டவில்லை.
காருக்குள் போய்
மடக்கு நாற்காலியை எடுத்து வந்து போட்டாள்.

சொற்கள் இருநூறைத் தாண்டி வெகு நேரம் ஆயிற்று.
எதையாவது வெட்ட வேண்டும்.
பாதிரியாரை வெட்டலாம், அவருக்குப் பழக்கம்தான்.
பனியை வெட்டலாம், கேக்கை முடியாது.
வெள்ளைத் தாள்கள் இருக்கட்டும்.

இணைப்பு: புகைப்படம் ஒன்று.
சுவர்.