கழற்றி வைத்த இசட்

முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குங்க என்பார்கள்.
வெளுப்பாக்குவேன்.
செத்தவருக்கும் சரி, காது குத்தும் பிள்ளைக்கும் சரி
அதே ஒளிவட்டம், அதே இரண்டு புறா.
கலிவரதன் டிஜிட்டல்ஸ், மஞ்சக்குப்பம்.
சதுர அடிக்கு இவ்வளவென்று
பதினோரு வருடமாக ஊரார் முகங்களை அளந்து தருகிறேன்.

ஒருநாள் கடைசி பேனர் முடிந்ததும்
வெறும் கோப்பு ஒன்றைத் திறந்தேன்.
பெயரிடப்படாதது 1.
அதன் வெள்ளையைப் பார்த்தபடியே
ஒரு பொட்டலம் மிக்சர் தீர்ந்தது.
ஒரு கோடு வரவில்லை.
வாடிக்கையாளர் இல்லாத இடத்தில்
என் கைக்கு என்ன வேண்டுமென்று
சொல்ல ஆளில்லை.

அதனால் சட்டம் போட்டேன்.
தூரிகைகளின் பெயரைப் பழைய பில் தாளில் கிழித்தெழுதி
மை டப்பா மூடியில் குலுக்குவது.
வந்ததை வைத்து வரைவது, பிடிக்காவிட்டாலும்.
நிறத்துக்குப் பேருந்து:
பாண்டியிலிருந்து வந்து வேகத்தடையில் குனிகிற
முதல் மூன்று வண்டிகள்,
எண்பலகையில் ஆளுக்குக் கடைசி இரண்டு இலக்கம்.
பதினைந்து நிமிடம்.
பிறகு, என்னை நான் நம்பாததால்,
குண்டூசியால் நெம்பி
இசட் விசையைக் கழற்றிச்
சில்லறைப் பெட்டியில் போட்டேன்.

47 09 62.
கத்தரிக்காய்த் தோலின் ஊதா.
சீட்டில் மேப்பிள் இலை,
கடலூரில் எவர் வாசலிலும் உதிராத இலை.
இழுத்தேன். கொட்டியது.
நான்காம் நிமிடம் அது இலையாக இல்லை,
துறைமுகத்தில் வலை உதறும்போது பறக்கிற செதிளாயிருந்தது.
ஏழாம் நிமிடம் அதுவுமில்லை.
பதினைந்தில் சேமித்தேன். அசிங்கம்.
விரல் பழக்கத்தில்
இசட் இருந்த பள்ளத்துக்குப் போய்
ரப்பர் மொட்டைத் தடவிவிட்டுத் திரும்பியது.

38 80 15, முருங்கைப் பச்சை.
90 24 13, மழையில் ஊறிய செங்கல்.
நிறக் குறியீட்டின் எழுத்துகள்
பேருந்து இலக்கங்களில் கிடையாது,
ஆகையால் என் இரவுகளில் பளிச்சென்று எதுவும் வராது.
எல்லாம் நிழலில் நின்ற வண்ணம்.
மூன்று நாள் சகிக்கவில்லை.
நான்காம் நாள் மழை, பேருந்து தாமதம்.
காத்து நிற்கையில்
பசிபோலக் கை அரித்தது.

பதினெட்டாம் நாளோ என்னவோ
சித்த வைத்தியர் சாமிக்கண்ணு வந்தார்.
"மூலிகை ஔடத நிலையம், ஆறுக்கு மூணு."
அடித்துக்கொண்டே போய் ஔவில் நின்றேன்.
என் தமிழ்ப் பலகையில் ஔ இருப்பது இசட்டில்.
இத்தனை வருடமும் அந்த விசையைத்
தொட்டதெல்லாம் செய்ததை இல்லாமலாக்கத்தான்.
பேனா முனையால் ரப்பரை அமுக்கினேன்.
வந்தது,
பக்கத்தில் ஒரு ள-வைக் கைபிடித்துக்கொண்டு.

"என்னம்மா, பல்லு விழுந்துடுச்சா?"
நானே பிடுங்கினேன் என்றேன்.
வைத்தியரல்லவா, தலையாட்டினார்.
அவர் போர்டுக்கு நான் இணையத்தில் துளசி தேடவில்லை.
கையால் இழுத்தேன் ஓரிலை.
காம்பு கோணல்.
அப்படியே அச்சுக்குப் போனது.

நேற்று மீந்த துண்டு ஒன்றில்,
இரண்டுக்கு நான்கு,
அந்த முதல் அசிங்கத்தை அடித்துப்
பின்பக்கம் என் ஸ்கூட்டிக்கு மழைமறைப்பாகப் போட்டேன்.
கலிவரதன் குனிந்து பார்த்தார்.
"முகம் எங்க? யாருக்கு வாழ்த்து?"
யாருக்குமில்லைண்ணே.
"கீழ இவண் போட்டிருக்கியே."
போட்டிருந்தேன்.
இவண்: அஞ்சலாட்சி.
மற்றவர் பேனர்களில் எத்தனை பேரை
அந்தச் சொல்லுக்குக் கீழே நெருக்கி அடைத்திருப்பேன்!
"எட்டு சதுர அடி, சம்பளத்துல பிடிச்சுக்கிறேன்"
என்று உள்ளே போனார்.

பிடித்துக்கொள்ளட்டும்.
தெருவில் ஹாரன்.
செருப்பில்லாமல் ஓடினேன்,
முதல் வண்டி
05.