முப்பத்தாறு பாகை

கொட்டாஞ்சேனையில் தையல்கடை வைத்திருந்த
சவரிமுத்து அண்ணைக்குத்தான் முதலில் தெரிந்தது.
"வலப்பக்கம் ஓரங்குலம் ஏறி நிக்குது.
கீழ்மடிப்பை அதுக்கேத்த மாதிரி வெட்டி விடவோ?"
வெட்டச் சொன்னா அம்மா.
அப்படியே இரண்டு வருஷம்
என் வெள்ளைச் சீருடை நேராய்த் தொங்கியது.
உள்ளே நான் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வந்த மிஸ்ஸி
குனியச் சொன்னா.
கைவிரல் கால்விரலைத் தேட
முதுகின் ஒரு பக்கம் மட்டும் எழும்பி நின்றதாம்.
எனக்கென்ன தெரியும்,
தன் முதுகைத் தானே கண்டவர் யார்?

எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் செருகினார்கள்.
ஓர் எழுத்தை எழுதத் தொடங்கி
நடுவில் மனம் மாறினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு.
டொக்டர் அடிமட்டம் வைத்துக் கோணம் அளந்தார்.
கணக்குப் பாடம் இங்கேயும் விடவில்லை.
முப்பத்தொரு பாகை.

புத்தகப் பை பாரமோ, ஒருக்களித்துப் படுத்தாளோ,
வயிற்றில் இருக்கேக்க நான் ஏதும் பிழையாய்...
மூன்றுக்கும் இல்லை என்றார்.
"சில பிள்ளையளுக்கு வளர்ற வயசில வரும்.
ஏன் எண்டு எங்களுக்கும் தெரியாது."
அந்தத் 'தெரியாது'வை
எக்ஸ்ரே உறையோடு சேர்த்து மடியில் வைத்து
155இல் கொண்டுவந்தா அம்மா.

பிறகு பிளாஸ்டிக் கவசம்.
நாளுக்கு இருபது மணித்தியாலம்,
உள்ளே ஒரு பனியன், பனியனுக்குள் ஏப்ரல்.
துறைமுகத்தில் கப்பல் ஊதுவது காதுக்கு வரும்,
காற்று முதுகுக்கு வராது.
"இஸ்ஸரஹட்ட யன்ன" என்று தோளில் தட்டிய கொண்டக்டர்
டொக்கென்ற சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார்,
யாருடையதோ சூட்கேஸைத் தட்டியவர்போல.

வியாழக்கிழமைகளில் கிளினிக் வாங்கில்
முள்ளந்தண்டுகள் வரிசையாய் அமர்ந்திருக்கும்.
சீனி மூட்டை தூக்கித் தட்டு விலகிய
புறக்கோட்டை நாட்டாமி,
வலக்காலில் மின்னல் இறங்குது என்பார்.
கழுத்துத் திரும்பாத ஓட்டோக்காரப் பொடியன்,
விடியலில் கட்டையாய்க் கிடந்து
நடக்க நடக்க இளகுபவன்,
பெயரைக் கூப்பிட்டால் முழு ஆளாய்த் திரும்புவான்.
மாளிகாவத்தை பஸ்மிலாவுக்கு என் வயது.
ஐம்பத்தெட்டுப் பாகை.
முக்காட்டுக்குள் அவளது ஒரு தோள்
மற்றதைவிடக் கூடவே எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்.

அவளுக்கு வெட்டினார்கள்.
"ரெண்டு கம்பி, பதினெட்டு ஆணி.
ஒரே நாள்ல ஒசந்துட்டேன், தெரியுமா?
கால் வெரல ஆட்டச் சொன்னாங்க. ஆட்டினேன்.
உம்மா அழுதுட்டா."
இப்போது பென்சில் விழுந்தால்
முதுகு குனியாமல் முழங்காலை மடித்து
அரசிபோல் இறங்கி எடுக்கிறாள்.

எனக்குக் கத்தி வரவில்லை.
தில்ருக்ஷி மிஸ் குழிந்த விலாவில் விரல் வைத்து
"ஹுஸ்ம கன்ன" என்பா. மூச்சை இங்கே எடு.
ஆளில்லா அறையின் ஜன்னலைத் தள்ளுவதுபோல்
தள்ளித் தள்ளிப் பார்ப்பேன்.
சில நாள் திறக்கும்.

மூன்று வருஷம். வளர்த்தி நின்றது.
முப்பத்தாறில் கோணமும் நின்றது.
"இனிக் கழற்றலாம். கூடாது, அநேகமாய்."
நேராகவில்லையே என்று அம்மா கேட்கவில்லை.
கேட்காமல் கவசத்தைக் கழுவிக்
கட்டிலுக்கடியில் வைத்தா.
அந்த 'அநேகமாய்'தான்
இன்றைக்கும் என்னோடு படியேறுகிறது,
மழை நாளில் இடப்பக்கம் கொஞ்சம் உளைகிறது.

போன கிழமை வேலைக்குப் புதுச் சட்டை.
சவரிமுத்து அண்ணை நாடாவை இடுப்பில் பிடித்தார்,
பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்,
பழைய கொப்பியில் பக்கம் புரட்டினார்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"அதே ஓரங்குலம்தான் பிள்ளை."
எந்த எக்ஸ்ரேயும்
இவ்வளவு நல்ல செய்தி சொன்னதில்லை.

"வெட்டி விடவோ?"

வெட்டுங்கோ என்றேன்.