இரண்டுங்கெட்டான்

கப்பல் என்று சொன்னால் கப்பல்காரர்கள் சிரிக்கிறார்கள்.
விமானம் என்றால் மற்றவர்கள்.
உரிமப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.
"இரண்டிலும் போடு" என்றாள் ஹெட்டி,
"திருப்பி அனுப்பினால் பார்த்துக்கொள்ளலாம்."
பதினோரு வருடமாகிறது.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ரைட் ஊரில் கடல் வற்றினால் அரை மைலுக்கு மணல்.
படகுகள் ஒருக்களித்துப் படுத்துவிடும்.
எங்களுடையது மட்டும்
கறுப்பு ரப்பர்ப் பாவாடை உப்ப,
தண்ணீர் எது தரை எது என்று பாராமல்
நேரே ஏறி வந்து
கான்கிரீட் மேடையில் உட்கார்ந்து
பெருமூச்சு விடும்.
அந்த மூச்சு அடங்கிய பிறகுதான் கதவு.

சவுத்ஸீயிலிருந்து பத்து நிமிடம்.
எழுபத்தெட்டு இருக்கை.
குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் பதினொரு பேர்.
சனிக்கிழமை கால்பந்து ரசிகர்கள்:
போகும்போது பாட்டு, வரும்போது பெரும்பாலும் அமைதி.
ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்,
வெள்ளை உடையின் விளிம்பையெல்லாம் மடியில் சுருட்டிக்கொண்டு
"உங்கள் வண்டிக்கும் எனக்கும் ஒரே கஷ்டம்" என்றாள்.
கணக்குப் பார்த்தால்
காற்றை விலைக்கு வாங்கிக்
காற்றிலேயே விடுகிற தொழில்.

பாவாடைக்கு விரல்கள் உண்டு,
கீழோரம் முழுக்க, வரிசையாக.
மணலும் சிப்பியும் அவற்றைத் தின்னும்.
கடைசி நடை முடிந்ததும்
லெஸ்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
அடியில் ஊர்ந்து போவான்.
தேய்ந்த விரலைக் கழற்றிப் புது விரல் மாட்டுவான்.
விடியற்காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது
அவன் விரல்கள்தான் மடங்காது.

கடற்கரைத் தெரு அட்ரில் அம்மாளிடமிருந்து
மாதம் ஒரு கடிதம்:
உங்கள் உப்பு என் ஜன்னலில்.
உப்பு எங்களுடையதல்ல என்று
ஒவ்வொரு மாதமும் மரியாதையாகப் பதில் போடுகிறேன்.

பிறகு செவர்ட்டன்.
தொண்டையில் கட்டி. முப்பது நாள் கதிர்வீச்சு.
மருத்துவமனை அக்கரையில்.
ஏழே முக்கால் நடை, ஜன்னலோரம்.
பேச்சு போய்விட்டது; சட்டைப்பையில் சின்ன நோட்டு.
தினமும் ஓர் அட்டையை நீட்டுவார்.
நாங்கள் அட்டையில் துளையிடுவதை நிறுத்திப் பல காலம்.
இவருக்காக மேசையில்
காகிதத் துளைப்பான் ஒன்று வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது துளை ஆன மறுநாள்
தென்மேற்கிலிருந்து காற்று.
அலை, அளவைத் தாண்டி ஒரு சாண்.
ஓட்டுநர் இருக்கையில் டாம்சின்.
போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ரேடியோவில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.
ஒரு சாண்தானே என்று
கை ஒருமுறை ஒலிவாங்கி வரை போய்த் திரும்பியது.
ரத்து என்று அறிவித்தேன்.

வரிசை முழுக்க முணுமுணுப்பு. ஒருவன் பணத்தைக் கேட்டான்.
செவர்ட்டன் நோட்டில் எழுதிக் காட்டினார்:
"இன்று லீவு."
பள்ளிக்கூடப் பையன் மாதிரிச் சிரித்தார்.
காத்திருப்பு அறையில்
கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார்.

மூன்று மணிக்குக் காற்று விழுந்தது.
மருத்துவமனையில் கேட்டேன்.
வரட்டும், இடம் இருக்கிறது என்றார்கள்.
அப்படியே விட்டிருக்கலாம்.
தோளைத் தொட்டேன்.
கண் விழித்து, கடலைப் பார்த்து,
பிறகு என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வையில் நன்றி என்று எதுவுமில்லை.
குனிந்து, ஷூ நாடாவை
முடிந்தவரை மெதுவாகக் கட்டினார்.
இடது. அவிழ்த்து மறுபடி இடது. பிறகு வலது.
உள்ளே எழுபது பேர் கைக்கடிகாரம் பார்க்க
நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பயணப் பதிவேட்டில்: தாமதம், நான்கு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
அப்போது கொடிகூட அசையவில்லை.