மௌனம் வாங்கிய வகையில்

புதுவயலில் அப்போது இருபத்தோரு அரிசி ஆலைகள்.
இருபத்திரண்டாவது கொட்டகையில்
நெல் இல்லை. விளக்குகள் இருந்தன.

கும. சேவுகன் செட்டியார்
ரங்கூன் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வந்தவர்.
பூட்டு அங்கே, குண்டுவீச்சில்.
சாவி இங்கே, அரைஞாண் கயிற்றில்.
அந்த வருஷம்தான் படம் எடுக்கப் போகிறேன் என்றார்.

சிகப்பி ஆச்சி ஒரு பகல் முழுக்கப் பேசவில்லை.
விளக்கு வைக்கிற நேரத்துக்கு
வைரத்தோட்டைக் கழற்றி என் கணக்குப் பெட்டிமேல் வைத்தாள்.
"என் பேர்ல வரவு வைங்க, பிள்ளை.
வட்டி நடப்பு வட்டி. செட்டியாருக்குன்னு குறைக்க வேண்டாம்."
எழுதினேன்.

நான் கணக்கு எழுதுகிறவன்.
பர்மாத் தேக்கு, நெல்லுக் கடன், கோயில் மகமை
எதற்கும் ஒரு தலைப்பு உண்டு என்று நம்பி வளர்ந்தவன்.
பொய்த்தாடி எட்டு, நாலு ரூபாய்.
காக்கை விரட்ட உண்டிவில் பையன்கள் மூவர், தலைக்கு ஓரணா.
அதுவரை பேனா நிற்கவில்லை.

ஒலிப்பதிவுக்கு பம்பாயிலிருந்து வந்த காவஸ்ஜி
காதில் கறுப்புச் சிமிழ் மாட்டிக்கொண்டு
வயிற்றுவலிக்காரர் போல முகம் சுளிப்பார்.
கதாநாயகி அழ ஆரம்பித்தால்
பக்கத்து ஆலை கூடவே தடதடக்கும்.

பக்கத்து ஆலை பங்காளி சாத்தப்பருடையது.
கோயிலில் யாருக்கு முதல் விபூதி என்று
பதினோரு வருஷமாக வழக்கு.
ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும்
இருவருக்கும் அந்த நேரம் பார்த்து வானம் பிடித்துப்போகும்.
செட்டியார் போனார். நானும் குடையோடு பின்னால்.
"மூணு ராத்திரி ஆலையை நிறுத்தணும்."
"நட்டத்தைக் கட்டு."
"கட்டுறேன்."
"நெல் அவிக்கிற பொம்பளைங்க கூலி?"
"அதையும்."
வழக்கைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆலைக்கு இருநூற்று நாற்பது.
பெண்கள் பதினேழு பேர், தலைக்கு ஆறணா, மூன்று இரவு:
பத்தொன்பது ரூபாய் இரண்டணா.
தொகை சரி. தலைப்பு?
வாடகை இல்லை. சரக்கு இல்லை. கூலிதான், ஆனால் வேலை நடக்கவில்லை.
செட்டியார் வெற்றிலையைக் கிள்ளியபடி சொன்னார்:
"மௌனம் வாங்கிய வகையில்."
பேரேட்டில் அப்படியே இருக்கிறது, பற்றுப் பக்கம்.

வாங்கிய சரக்கு முதல் ராத்திரி சரியில்லை.
ஆலைச் சத்தத்தில் உறங்கிப் பழகிய ஊர்
அது நின்றதும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.
குழந்தைகள் அழுதன. நாய்கள் தெருத் தெருவாய் விசாரித்தன.
காவஸ்ஜி தம் மொழியில் திட்டினார்.
அது மட்டும் சுத்தமாகப் பதிவாயிற்று.

மூன்றாம் இரவு.
யுத்தக் கட்டுப்பாட்டில் மிச்சம் இருந்தது எண்ணூறடி பிலிம்.
கதாநாயகி தாயின் பிணத்தருகே உட்கார்ந்தாள்.
சும்மா கொடுத்த கூலி உறுத்தி
பதினேழு பெண்களும் வந்து ஓரமாக நின்றிருந்தார்கள்.
அழுகை ஏறி, இறங்கி, அடங்கும் இடத்தில்
இருளாயி இருமினாள்.
உமித்தூசி இருமல், இருபது வருஷத்து இருமல்.
காவஸ்ஜி கையைத் தூக்கினார்.
செட்டியார் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.
"இழவு வீட்டுல யாராவது இருமத்தான் செய்வாக."

மதுரையில் படம் ஓடியபோது
திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்தார்.
ஏழு படத்துக்கும் அப்படித்தான் பார்த்தார்,
மூன்று முங்கின, நாலு கரையேறின.
அன்று அந்த இடம் வந்ததும்
ஆயிரம் தலை ஒன்றாகத் திரும்பியது,
யார் இருமினது என்று.
செட்டியார் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

பிரதிகளைப் பிறகு வெள்ளி எடுக்கிறவர்கள்
எடைபோட்டு வாங்கிப் போனார்கள்.
என்ன விலை என்று கேட்காதீர்கள், எழுதியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் இருளாயி வாசலில் நின்றாள்:
"என் இருமலை மதுரை வரைக்கும் கொண்டு போனீகளாமே."
இரண்டு ரூபாய் கொடுக்கச் சொன்னார்.
இந்தத் தடவை நான் தலைப்புக் கேட்கவில்லை.
நடிகர் சம்பளம் என்ற பக்கத்தைத் திருப்பி
கதாநாயகனுக்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.