செப்டம்பர் விலை

பதினொரு அறைகள். பத்தில் யாருமில்லை.
எது வேண்டும் என்றாள் நிக்கனோரா.
கடல் தெரிகிற அறை என்றேன்.
கடல் எல்லாவற்றிலும் தெரியும்,
ஒழுகாதது எது என்று கேள் என்றாள்.
ஏழு.

வாஹாகாவிலிருந்து வந்த பேருந்து
என்னை இறக்கிவிட்டு
அவமானப்பட்டதுபோல் வேகமாகத் திரும்பிப் போயிற்று.

உணவுப் பட்டியலில் இருபத்திரண்டு வகை.
எதன்மேல் விரல் வைத்தாலும்
கவனமாகக் கேட்டுக்கொண்டு
மீன் சூப் கொண்டுவருவாள்.
மூன்றாம் நாள் விரல் வைப்பதை விட்டேன்.
நான்காம் நாள் பட்டியலையே காணோம்.
அடுப்புக்கு விசிறிக்கொண்டிருந்தாள்,
இறால் பக்கம் நெருப்பைப் பார்த்திருந்தது.

நீச்சல்குளத்தில் தண்ணீர் இல்லை.
ஃபிதென்சியோ இருந்தான்.
காலையெல்லாம் அதன் அடியில் நின்று நீலம் பூசுவான்.
மூன்று மணி மழை வந்து
ஈரம் காயாத நீலத்தை வடிகாலுக்குள் கூட்டித் தள்ளும்.
மறுநாள்
விட்ட இடத்திலிருந்து அல்ல,
முதலிலிருந்து.
கோபம் வராதா என்றேன்.
தினக்கூலி என்றான்.

நாயின் பெயர் லூனெஸ்.
திங்கட்கிழமை என்று அர்த்தமாம்.
ஒரு திங்கட்கிழமை வந்து
பணம் கட்டாமல் தங்கிவிட்டதாம்.
எங்கள் மொழியில் திங்கள் என்றால்
நிலாவும்தான் என்றேன்.
நிக்கனோரா நாயை ஒருமுறை பார்த்தாள்,
வானத்தை ஒருமுறை.
மேகம்.
இருப்பது இதுதான் என்றாள்.

மின்சாரம் போகும்போது ஊர் முழுக்க ஒரே குரல்,
வரும்போதும் அதே குரல்.
ஏடிஎம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
அதில் காவலர், அவர் மடியில் மாதுளை.
பணம் வெள்ளிக்கிழமை வரும்.
எந்த வெள்ளி என்று கேட்பது மரியாதை இல்லை.

மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் வருவார்கள்.
மீன்கடை உர்சுலா, மருந்துக்கடைச் சகோதரிகள்,
தபால் பிரிக்கும் அந்த உயரமான பெண்,
உடுத்திய உடையோடு, செருப்பை மட்டும் விட்டுவிட்டு
கழுத்தளவு பசிபிக்கில் நின்று
ஒரு மணி நேரம் யார் வீட்டுக் கதையோ பேசுவார்கள்.
அலை வந்தால் வாக்கியத்தோடு சேர்த்து எம்பி
வாக்கியத்தோடு இறங்குவார்கள்.
டிசம்பரில் இப்படி வருவீர்களா?
டிசம்பரில் கடல் உங்களுக்கு, என்றாள் நிக்கனோரா
பின்னலைப் பிழிந்தபடி,
அப்போது நாங்கள் அதைப் பரிமாறுகிறோம்.

எட்டாம் நாள்
பெயர்ப்பலகைக்கு எழுத்துப் போட ஏணி ஏறினாள்.
நான் பிடித்துக்கொண்டேன்.
ஒரு கார் வந்து நின்றது. இருவர். வெள்ளைத் தொப்பிகள்.
அறை இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்கள்.
இடுப்பில் அவள் துண்டு, கையில் பெயின்ட்,
நான் வேறு யாராகத் தெரிந்திருப்பேன்!
ஒழுகாத அறை ஒன்றுதான், அதில் ஆள் இருக்கிறது
என்று சொல்லிவிட்டேன்.
உண்மை.
கார் போனது. தலைக்குமேல்
தூரிகை அசையாமல் நின்றது.
ஒரு நீலச் சொட்டு என் காதில்.

கணக்குச் சீட்டில் எழுதியிருந்தாள்:
ஏழாம் அறை, பத்து இரவுகள், செப்டம்பர் விலை.
சூப், பத்தொன்பது.
மெழுகுவர்த்தி, நான்கு.
துரத்திய விருந்தினர், ஓர் இரவு.
அதற்குக் கீழே
ஏணி பிடித்த கூலி, கழிவு.
இரண்டும் ஒரே தொகை.
ஒரு பெசோகூட விட்டுத்தரவில்லை,
கூடுதலாகவும் வாங்கவில்லை.

கிளம்பும் நாள் வியாழன்.
இரண்டு நாளாக மழையில்லை.
குளத்தில் நீலம் பிடித்துவிட்டது,
மூலை முடுக்கெல்லாம், ஒரு திட்டு மிச்சமில்லை.
நன்றாக இருக்கிறதே என்றேன்.
ஃபிதென்சியோ பதில் சொல்லவில்லை.
காய்ந்த குளத்தின் நடுவில் நின்று
கையை நெற்றிக்கு வைத்து
மேற்கே
ஒரு மேகமாவது வருகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.