வேறென்ன மாத்தினது?

எண்பத்திமூண்டாம் ஆண்டு ஹைலக்ஸ்.
புத்தகத்தில் நிறம் நீலம்.
கண்ணாடி இறங்குற பிளவுக்குள்
விரலை விட்டுத் தேய்ச்சால் இப்பவும் நீலம்தான்.
மற்றதெல்லாம் உப்புக்காத்து தின்ற நிறம்.

பாலையூற்றில் எனக்கெண்டு கராஜ் இல்லை.
குசினிக்குப் பின்னால் நாலு தகரம்,
சீனக்குடா மா ஆலையில் கழிச்சுவிட்ட மூண்டு இரும்புக் குழாய்,
உச்சியைச் சேர்த்துக் கட்டினதில்
தொங்குது இரவல் செயின் புளொக்.
முருங்கையில் கட்டுவம் எண்டவன் நஸ்வர்.
ஜெனிட்டா முருங்கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.
அதுக்குப் பிறகுதான் குழாய் தேடப் போனம்.

பெட்ரோல் எஞ்சினைக் கழட்ட எட்டுக் காலை,
எட்டும் இரவு ஷிஃப்ட் முடிஞ்ச காலை.
போல்ட்டுக்கு முதல்நாளே மண்ணெண்ணெய் வார்த்து,
அரைச் சுத்து முன்னுக்கு, கால் சுத்து பின்னுக்கு,
கெஞ்சி.
முறிஞ்சது ரெண்டு.
(மூண்டு. ஒண்டை நஸ்வருக்குச் சொல்லேல்லை.)

டீசல் வந்தது கிண்ணியாவிலிருந்து,
அவன்ர மச்சான்ர மீன் லொறியில்,
ஐஸ் பெட்டிக்கும் பாரை மீனுக்கும் நடுவில்.
இறக்கேக்க எஞ்சின் முழுக்கச் செதில்.
எண்ணெய் பார்க்கிற கம்பியின்ர வளையத்தில்
ஆரோ ஒரு பூப்போட்ட துணித்துண்டு கட்டியிருந்தினம்,
ஜப்பானிலோ, வழியிலோ.
அவிழ்க்கேல்லை. இப்பவும் கிடக்கு.

அளவெடுத்தால் எல்லாம் ரெண்டு இஞ்சி பிழை.
எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டுது.
ரேடியேட்டர் வாய் ஒரு பக்கம், எஞ்சின் வாய் மறுபக்கம்,
கோவிச்சுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி.
வெட்டினம். ஒட்டினம். வெட்டினது பிழையெண்டு
திரும்ப ஒட்டினம்.

பிறகுதான் தெரிஞ்சது,
பிரேக்குக்கு வெற்றிடம் வேணும்.
பழைய எஞ்சின் மூச்சை இழுக்கிற ஒவ்வொரு தரமும்
அதைச் சும்மா தந்துகொண்டிருந்தது,
இத்தனை வருசம், ஒருத்தரும் கேளாமல்.
டீசல் தராது.
அதின்ர தொண்டை எப்பவும் ஆவெண்டு திறந்தபடி.
வெறுமையை உண்டாக்க ஒரு பம்ப் வாங்கவேணும்,
பஞ்சிகாவத்தையில் பதினெட்டாயிரம்.
"ஒண்டுமில்லாததுக்குப் பதினெட்டாயிரமோ?"
எண்டாள் ஜெனிட்டா.
சீட்டுக் காசை ரெண்டுதரம் எண்ணித் தந்தாள்.

முதல்நாள் பிடிக்கேல்லை. குழாய்க்குள் காத்து.
அவன் கைப்பம்பை அமத்த,
நான் நட்டுகளை ஒவ்வொண்டாய்த் தளர்த்த,
நுரை, நுரை, நுரை,
பிறகு சுத்தமான டீசல்.
இருமிச்சுது. நிண்டுது. திரும்ப இருமி
ஒரே அலறல், பக்கத்து வளவு நாயெல்லாம் பதில் சொல்ல
கறுப்புப் புகை போய் இறங்கினது
கொடியில் காய்ஞ்ச ஆசுபத்திரி வெள்ளை யூனிஃபோர்மில்.
மூண்டையும் நான்தான் தோய்ச்சன். கையால.

முதல் ஓட்டம், பொனட் இல்லாமல், நடுச்சாமம்.
டச்பே வளைவில்
வாயில் லஞ்ச்சீற்றோட ஒரு மான்,
ரோட்டுக்கு நடுவில்.
மிதிச்சன்.
பதினெட்டாயிரம் ரூபா வெறுமை
கீழிருந்து என்ர காலைப் பிடிச்சுக்கொண்டது.
வண்டி நிண்டுது. மான் முன்னமே நிண்டபடி.
திறந்து கிடந்த எஞ்சினைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துப்போட்டு
மென்றுகொண்டே கடல் பக்கம் போனது.
நஸ்வர் பேசாமல் இருந்ததை
அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டன்.

கச்சேரியில் பழைய எஞ்சின் இலக்கத்தைக் கோடிழுத்து வெட்டி
மேலே புதிசு எழுதினார்.
அதே புத்தகத்தில் எனக்கு முன்னால் ஏழு பேர்.
ரெண்டு பேர் எங்கையெண்டு ஆருக்கும் தெரியாது.
எரிபொருள்: டீசல்.
நிறம்: நீலம். அதைத் தொடேல்லை.
"வேறென்ன மாத்தினது?"
பேனையை மூடிக்கொண்டே கேட்டார்.
கியர்ப்பெட்டி. தண்டு. சட்டம். ரேடியேட்டர். வயரெல்லாம்.
"ஒண்டுமில்லை" எண்டன்.

வெளியில, வாகை நிழலில்,
எஞ்சினை நிப்பாட்டாமல் இருக்கிறான் நஸ்வர்.
நிப்பாட்டினால்
திரும்பப் பிடிக்குமோ எண்டு
அவனுக்கும் நிச்சயமில்லை.