புகைபோக்கியை அழித்தபின்

முதலில் புகைபோக்கியை அழித்தேன்.
திரையில் அது ஒரு வட்டம்,
நடுவில் கூட்டல் குறி.
ஒரே சொடுக்கு.
பிறகு பாய்லர் அறை.
பிறகு சமையற்கட்டுக்கு ஓடும் மஞ்சள் கேஸ் குழாய்.
வேலியோரத்து டீசல் தொட்டியில்
கை நின்றது.

நானூறு படுக்கை, பெரும்பாக்கத்துச் சதுப்பின் விளிம்பில்.
பக்கத்து மதிலில் ஏதோ ஒரு டிசம்பரின் பழுப்புக் கோடு
என் தோள் உயரத்துக்கு.
ஆகவே பேட்டரிகளை மூன்றாம் மாடிக்கு ஏற்றினேன்.
அந்த எடைக்குத் தூண்கள் தடித்தன.
தூண்கள் தடித்ததில்
கேன்டீன் இரண்டு மேஜைகளை இழந்தது.

'நெருப்பு கண்ணுக்குத் தெரியாம தோசை வராது' என்றார்
கிச்சன் பொறுப்பாளர் செங்கமலம்.
மின்கல்லில் முதலிரண்டும் பிய்ந்தன.
நாலாவதைச் சாப்பிட்டபடியே
கையெழுத்துப் போட்டார்.

மயக்க மருந்து டாக்டர் மெஹருன்னிசா
தாளைப் புரட்டவேயில்லை.
'கரண்ட் போய், பேட்டரியும் போனா?'
பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும் என்றேன்.
'ஏழாவது மணி நேரம் சொல்லுங்க.
வென்டிலேட்டருக்கு உங்க கொள்கை தெரியாது.'

கணக்குக்காகப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
பெரம்பூரில், இரவு ஷிப்டில்.
பாய்லர் ஆபரேட்டர் சம்பங்கி
வெந்நீர் போகும் வழியைக் காட்டினார்.
ஐந்து மாடி ஏறுவதற்குள் பாதிச் சூட்டைச்
சுவரே குடித்துவிடுகிறது.
மொட்டைமாடியிலோ சில்லர்கள்
அறுவை அரங்கிலிருந்து இழுத்த வெப்பத்தை
ஏற்கெனவே வெந்துகிடக்கும் ஊரின் மேல்
ராவெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தன.

அந்த வெப்பத்தைப் பிடித்துத் தண்ணீரில் போடுவேன்,
தனியாக எரிக்க வேண்டாம் என்றேன்.
கொஞ்ச நேரம் வால்வையே பார்த்தார்.
'அப்ப ஆபரேஷன் தியேட்டர் சூட்டுல
பொறந்த கொழந்தைய குளிப்பாட்டுவீங்க.'
ஆமாம்.
மூன்று மாதமாக அறிக்கையில் நான் திணறிய வாக்கியம்.
'நல்லாத்தான் இருக்கு' என்றவர்
தாளை விரல் வைத்துத் தேடினார்.
'இதுல நான் எங்க இருக்கேன் மேடம்?'

பம்ப் அறையைக் காட்டினேன்.
நம்பவில்லை. நானும் முழுதாக நம்பிச் சொல்லவில்லை.

கடைசிக் கூட்டத்தில்
'புகையே இல்லாத மருத்துவமனை' என்று முடித்தேன்.
கைதட்டினார்கள்.
கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த தேசப்பன்
எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து கேட்டார்:
'இந்தக் கரண்ட் எங்கேர்ந்து மேடம் வருது?'
சொல்ல வாயெடுத்தேன்.
'எங்க வீடு எண்ணூர்' என்றார்.
'துணி காயப்போட்டா சாம்பல்.
ஆத்துல கால வச்சா சாம்பல்.
புகை இல்லன்னு சொல்லாதீங்க.
இங்க இல்லன்னு சொல்லுங்க.'

கூரை முழுக்கத் தகடு பரப்பினாலும்
எனக்குத் தேவையானதில் ஆறில் ஒன்று.
காற்றாலை மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போடலாம்.
காகிதத்தில் அது காற்று.
கம்பிக்குள் வந்தபின்
எது காற்று, எது கரி என்று
எந்த மீட்டர் பிரிக்கும்?

அன்றிரவு அறிக்கையில் ஒரு சொல் சேர்த்தேன்: 'இங்கே'.
பிறகு தாள்தாளாகத் திரும்ப நடந்தேன்.
மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்தேன்.
புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைத்
திருப்பிப் போட்டேன்,
மூன்று மணிக் கடற்காற்று
டோக்கன் இல்லாமல் உள்ளே வரட்டும் என்று.
நாலு சில்லர் மூன்றாயிற்று.

தேசப்பனிடம் சொல்லவில்லை.
சொல்லிக்கொள்ளும் அளவுக்கு
அது எண்ணூருக்கு எட்டாது.

டீசல் தொட்டி இன்னும் தாளில் இருக்கிறது,
புள்ளிக்கோட்டில்.
வருவதையும் அப்படித்தான் வரைவோம்,
போகப்போவதையும்.